பச்சை நாடா கட்டிய பை

பேய்க் கதை என்றால் ராத்திரி வேண்டும், மழை வேண்டும், எங்கேயோ ஒரு நாய் ஊளையிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது காலை ஒன்பது மணிக்கு நடந்தது. குழல் விளக்கு பளிச்சென்று எரிகிற சாப்பாட்டு அறையில், காப்பி வாசனைக்கு நடுவில் நடந்தது. பார்த்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி லிஸ்பெத், என் பக்கத்து வீட்டுக்காரி. நம்பிக்கை இல்லாவிட்டால் நேரே வந்து கேளுங்கள், சொல்லுவாள். வரும்போது கசகசா தூவிய பன் மட்டும் வாங்கி வராதீர்கள். வாசலிலேயே வாந்தி எடுத்துவிடுவாள்.

டென்மார்க்கின் வடமேற்கு மூலையில் எங்கள் ஊர். ஊருக்கு வெளியே ஒரு பெரிய சலவை ஆலை. சுற்று வட்டாரத்து ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், ஹோட்டல், எல்லாவற்றின் துணியும் அங்கேதான் வந்து சேரும். ஆலைக்கு நடுவில் கூரை வரை ஒரு சுவர். அந்தப் பக்கம் சுத்தம், இந்தப் பக்கம் அழுக்கு. துணி மிஷினுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகும். ஆள் குறுக்கே போகக் கூடாது. லிஸ்பெத் இருபது வருஷமாக அழுக்குப் பக்கம்.

அழுக்கு என்றால் சட்டைக் காலர் அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தம், சீழ், மலம், காய்ந்த வாந்தி. பையைப் பிரித்து பெல்ட்டின் மேல் கொட்டினால் எல்லாம் ஒன்றாகச் சுருண்டு வரும். இரண்டு பக்கமும் ஆள் நின்று கையால் பிரித்துப் போட வேண்டும்: விரிப்பு ஒரு பக்கம், தலையணை உறை ஒரு பக்கம், நோயாளி அங்கி ஒரு பக்கம். போர்வைக்குள் ஊசி இருக்கும். ஒரு முறை கட்டுத்துணியோடு ஒரு கால்விரல் வந்தது. லிஸ்பெத் அன்றைக்கும் மத்தியானம் சாப்பிட்டாள். பழகிவிட்டது.

பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் பிரெபென். அறுபதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன், பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழக்கம் இருந்தது. துணிக்குள் ஊசியோ, கண்ணாடியோ, அசிங்கமோ, துணி அல்லாத எதுவாக இருந்தாலும் பிரெபென் தன் மோதிரத்தால் பெல்ட்டின் இரும்பு விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவான். டொக், டொக். 'இங்கே ஒன்று இருக்கிறது, கையை வைத்துவிடாதே' என்று அர்த்தம். லிஸ்பெத் "பாத்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் பெல்ட்டை நகரவிட மாட்டான்.

கிடைத்ததில் பாதி பல் செட். கிழவர்கள் தலையணைக்கடியில் கழற்றி வைப்பார்கள். நர்சுகள் அவசரத்தில் விரிப்போடு சுருட்டி அனுப்பிவிடுவார்கள். அதையெல்லாம் கழுவி ஒரு நீல பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பான் பிரெபென்.

"யாரோ சிரிப்பை மறந்துட்டுப் போயிட்டாங்க," என்பான்.

அவனுக்கும் மேல் வரிசை பல் செட்தான். இடது பக்கம் ஒரு வெள்ளிக் கொக்கி மின்னும். சுத்தப் பக்கத்தில் இஸ்திரி போடுகிற நெர்மினாவைப் பயமுறுத்த அதை நாக்கால் தள்ளி வெளியே நீட்டுவான். போஸ்னியாவில் போரைப் பார்த்துவிட்டு வந்தவள் நெர்மினா. அதற்குப் பயப்படாதவள் இந்தப் பல்லுக்கு "ச்சீ, உள்ள போடுடா எருமை!" என்று கத்துவாள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

தொற்று நோயாளியின் துணி மஞ்சள் பையில் வரும். அதை யாரும் பிரிக்கக் கூடாது. உள்ளே இருக்கிற மெல்லிய பை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அப்படியே தூக்கி மிஷினுக்குள் போட வேண்டியதுதான். மஞ்சள் என்றால் தொடாதே, வெள்ளை என்றால் பிரி. அழுக்குப் பக்கத்து வேதமே அவ்வளவுதான்.

கொரோனா வந்து நாட்டையே மூடிய அந்த மார்ச்சில் ஹோட்டல் துணி நின்றுபோனது. பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். முதலில் மஞ்சள் பைகள் குவிந்தன. பிறகு திடீரென்று ஒன்றுகூட இல்லை. 'அப்பாடா, நம்ம பக்கம் அடங்கிடுச்சு' என்று லிஸ்பெத் மூச்சு விட்டாள். இருபது வருஷம் நிறத்தை நம்பிப் பிழைத்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்?

மஞ்சளுக்குப் பதிலாக வெள்ளைப் பைகள் வந்தன. சிலவற்றின் கழுத்தில் மட்டும் ஒரு பச்சை நாடா.

ஆலை மேலாளன் ஃப்ளெமிங்கை பிரெபென் கேட்டான்.

"என்னப்பா இது புதுசா, பச்சை நாடா?"

"வார்டு அடையாளம். நமக்கு ஒண்ணுமில்ல. பிரிச்சுப் போடு."

சொல்லும்போது ஃப்ளெமிங் உள்ளே வரவில்லை. கதவோரம் நின்றான். மூக்கு வாய் மூடி மாஸ்க் போட்டிருந்தான்.

"நீ எதுக்கு கொள்ளைக்காரன் மாதிரி முகத்தைக் கட்டிட்டு நிக்கற?"

"லேசா ஜலதோஷம். உங்களுக்கு ஒட்டிடக் கூடாதுல்ல."

"அப்ப எங்களுக்கு?"

"ஆர்டர் போட்டிருக்கேன். வரும்."

அவன் மேசைக்கடியில் ஒரு பெட்டி நிறைய மாஸ்க் இருந்ததை நெர்மினா கண்ணால் பார்த்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே பொய் சொல்கிறவன் ஒரு ஜாதி. கூசாமல், கரிசனத்தோடு பொய் சொல்கிறவன் இன்னொரு ஜாதி. ஃப்ளெமிங் இரண்டாவது.

லிஸ்பெத் சாதாரணத் தொழிலாளி மட்டும் இல்லை. ஆலையின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளத் தொழிலாளிகள் தேர்ந்தெடுத்த ஆள் அவள்தான். ஆபத்து என்றால் மேலாளன் அவளிடம் சொல்லியாக வேண்டும். அதுதான் சட்டம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று அவள் வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவள் புருஷன் ஐனர். சிமெண்டுத் தூசியில் நுரையீரலைத் தொலைத்தவன். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின். உஸ்ஸ்... டக். உஸ்ஸ்... டக். அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்குத் தூக்கமே வராது. "சாதாரண சளிக்காய்ச்சலே போதும், இவரைக் கொண்டுபோக," என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால் ஃப்ளெமிங்கிடம் அவள் வெளிப்படையாகவே கேட்டாள்.

"ஏதாவது தெரிஞ்சா முதல்ல எங்கிட்ட சொல்லிடு ஃப்ளெமிங். வீட்ல ஐனர் இருக்கான். உனக்குத் தெரியும்."

"இதை வேற சொல்லணுமா? சத்தியமா சொல்றேன்."

பிறகு ஒரு வியாழக்கிழமை பிரெபென் பெல்ட்டோரம் நின்று இருமினான். வெள்ளிக்கிழமையும் இருமினான். திங்கட்கிழமை வரவில்லை.

"இடுப்பு வலியாம்," என்றான் ஃப்ளெமிங். "ஒரு வாரம் படுத்துக் கிடக்கட்டும்."

லிஸ்பெத் பிரெபெனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. இடுப்பு பிடித்தால் அவன் யாரிடமும் பேச மாட்டான், சிடுசிடுவென்று இருப்பான். விட்டுவிட்டாள். அந்த வாரம் முழுக்க பெல்ட்டில் தனியாக நின்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது.

எங்கள் ஊர் ஆலைகளில் வெள்ளிக்கிழமை காலை ரொட்டி உண்டு. யாராவது ஒருவர் எல்லோருக்கும் பன் வாங்கி வர வேண்டும். மேசையில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்களோ, அந்த வரிசையில் முறை சுற்றி வரும். காய்ச்சல், கல்யாணம், சாவு எதுவானாலும் சரி, முறை தவறினால் மரியாதை போய்விடும். பிரெபென் முறை என்றால் அவன் கிராமத்து பேக்கரியில் கறுப்புக் கசகசா தூவிய பன் வாங்கி வருவான். அதோடு பட்டைத்தூள் போட்ட இனிப்புச் சுருள் ஒன்று, தனியாக. "உன் வீட்டு முதலாளிக்கு," என்று லிஸ்பெத் கையில் கொடுப்பான். ஐனர் அதற்காகவே வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டிருப்பான்.

அந்த வெள்ளிக்கிழமை பிரெபென் முறை. ஆள்தான் இல்லை. இந்த வாரம் வெறும் காப்பிதான் என்று நினைத்துக்கொண்டே லிஸ்பெத் பெல்ட்டைத் தட்டிவிட்டாள்.

வெளியே இன்னும் முழுதாக விடியவில்லை. அழுக்குப் பக்கத்தில் அவள் மட்டும்தான். ஆஸ்பத்திரி லாரி வந்திருந்தது. மேலே தொங்குகிற கொக்கியிலிருந்து முதல் பை இறங்கியது.

வெள்ளைப் பை. கழுத்தில் பச்சை நாடா.

நாடாவை அவிழ்த்தாள். பை வாயைப் பிளந்தது. உள்ளே இருந்தது இன்னும் சூடு ஆறாத ஈரம். வியர்வையும் மருந்தும் மூத்திரமும் சேர்ந்து புளித்த நாற்றம். இருபது வருஷம் பழகியவளுக்கே குமட்டியது. தலையைத் திருப்பிக்கொண்டு கையை விட்டாள்.

டொக், டொக்.

"பாத்துட்டேன்," என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

எதிர்ப்பக்கம் யாரும் இல்லை.

பெல்ட் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஏதாவது திருகு கழன்றிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கீழே பார்த்தாள். சுருண்ட விரிப்பின் மடிப்பில் ஒரு பல் செட். மேல் வரிசை. கோழையும் ரத்தமும் சேர்ந்து கயிறாக ஒட்டியிருந்தது. அதைப் பிய்க்கும்போது நூல் நூலாக நீண்டது.

பிரெபென் இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்திருப்பான். அவள் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. எல்லாப் பல் செட்டும் ஒரே மாதிரிதான் இளிக்கும். குழாயில் காட்டிக் கழுவி, நீல டின்னில் போட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.

கை கழுவினாள். இன்னொரு முறை கழுவினாள். நாற்றம் போகவில்லை.

ஒன்பது மணிக்கு மணி அடித்தது. சாப்பாட்டு அறைக்குப் போனாள். சுத்தப் பக்கம், அழுக்குப் பக்கம் எல்லோருக்கும் ஒரே அறை, ஒரே மேசை, ஒரே இடைவேளை. தனித்தனியாக விட வேண்டும் என்று அரசாங்கம் டீவியில் நாள் முழுக்கக் கத்தியது. "அதுக்கு நேரம் எங்க இருக்கு?" என்றான் ஃப்ளெமிங்.

அறையில் நெர்மினா இருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு பெண்கள் சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தார்கள்.

மேசையின் கடைசியில், தன் நாற்காலியில், பிரெபென் உட்கார்ந்திருந்தான்.

"அடப்பாவி!" லிஸ்பெத்துக்கு உண்மையிலேயே சந்தோஷம். "இடுப்பு பிடிச்சவன் பன்னைத் தூக்கிட்டு வந்துட்டான் பாரு! முறை தவறக் கூடாதுன்னா?"

"நான் வரும்போதே உக்காந்திருந்தான்," என்றாள் நெர்மினா, திரும்பாமல். "பேச மாட்டேங்கறான். ரொம்பத்தான் பண்றான்."

மேசையில் பெரிய காகிதப் பை. நெர்மினா ஏற்கெனவே பன்களைத் தட்டில் அடுக்கியிருந்தாள். கசகசா பன்கள்தான்.

பிரெபென் கோட்டைக் கழற்றவில்லை. சாம்பல் நிற கழுத்துத் துண்டை மூக்கு வரை ஏற்றிச் சுற்றியிருந்தான். கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் லிஸ்பெத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

இமைக்கவில்லை.

அவள் அவன் பக்கத்தில் உட்காரப் போனாள். அவன் கையை உயர்த்தினான். வேண்டாம், அங்கேயே இரு என்பது போல. அவள் மேசையின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

நெர்மினா அவன் முன்னால் காப்பியை வைத்தாள். அவன் தொடவில்லை.

லிஸ்பெத் ஒரு பன்னை எடுத்து வெண்ணெய் தடவிக் கடித்தாள்.

மேலே மொறுமொறுப்பு. உள்ளே... சில்லென்று ஈரம். பைக்குள் பல நாள் கிடந்த விரிப்பைக் கடித்த மாதிரி. நாக்கில் அதே நாற்றம். காலையில் பை வாயைப் பிளந்தபோது வந்த அதே நாற்றம்.

கையில் துப்பினாள்.

"என்னடி?" என்றாள் நெர்மினா.

"கெட்டுப் போச்சு இது... எங்க வாங்கின பிரெபென்?"



குனிந்து துப்பியதைத் துடைக்கும்போது மேசைக்கடியில் அவன் கால் தெரிந்தது. வெளியே மார்ச் மாதத்துக் குளிர். பனி உருகிய சேறு. அவன் காலில் பூட்ஸ் இல்லை. காலுறையும் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற காகிதச் செருப்பு. சேறு ஒட்டவில்லை. நனையவில்லை. கணுக்கால் நீலம் பாரித்திருந்தது.

நிமிர்ந்தாள். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள்.

"ஐனருக்கு ஒண்ணும் இல்லையா இந்த வாரம்?"

அப்போதுதான் அவன் அசைந்தான்.

மடியிலிருந்து கையை எடுத்தான். புறங்கையில் பிளாஸ்திரி. குளுக்கோஸ் ஊசி குத்திய இடம். விரலால் எதையோ மேசைமேல் மெல்லத் தள்ளினான்.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

ஒரு நாடா.

பச்சை நாடா.

"இது... பன் பையில கட்டியிருந்துச்சே," என்றாள் நெர்மினா. குரல் இறங்கிவிட்டது.

கழுத்துத் துண்டுக்குள் வாய் அசைந்தது. குரல் வந்தது. பிரெபென் குரல்தான். ஆனால் பல் இல்லாத வாயின் குழறல். காற்று அதிகம், சொல் கொஞ்சம்.

"வீட்டுக்கு... எதையும்... கொண்டு போகாத."

"என்னது?"

"ஐனர்கிட்ட... எதையும்... கொண்டு போகாத."

கதவு திறந்தது.

ஃப்ளெமிங். மாஸ்க் போட்டிருந்தான். கையில் போன். ஏதோ சொல்லத்தான் வந்திருந்தான், வாயைத் திறந்தான். கண் மேசையின் கடைசிக்குப் போனது.

அங்கேயே நின்றது.

மாஸ்க்குக்கு மேலே தெரிந்த முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஒரு அடி பின்னால் வைத்தான். இன்னொரு அடி. குழந்தை தூங்குகிற அறையின் கதவைச் சாத்துகிற மாதிரி, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான்.

லிஸ்பெத் திரும்பினாள்.

நாற்காலி காலி.

அந்த அறைக்கு வேறு கதவு கிடையாது. ஜன்னல் திறக்காது.

காப்பி அப்படியே இருந்தது. ஆவி இல்லை. மேலே துணிப் பஞ்சும் மயிரும் ஆடையாகப் படிந்திருந்தன.

நெர்மினா அவள் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"இருந்தான்ல?"

"இருந்தான்."

"நீயும் பாத்தல்ல?"

"பாத்தேன்டி."

வண்டி நிறுத்துகிற இடத்தில் அவன் பழைய கார் இல்லை. சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் வரவும் இல்லை, போகவும் இல்லை என்றார்கள். மேசைக்குத் திரும்பியபோது தட்டில் இருந்த பன்கள்மேல் பூசணம் பூத்திருந்தது. பச்சையாக, கம்பளிபோல.

லிஸ்பெத் பூசணத்தைப் பார்க்கவில்லை. நாடாவைப் பார்த்தாள். அதை ஒரு விரலாலும் தொடாமல், சலவைப் பைகளில் அச்சடித்திருந்த ஆஸ்பத்திரித் துணி அறை எண்ணுக்குப் போன் போட்டாள்.

"ஒரு சின்ன சந்தேகம். வெள்ளைப் பையில பச்சை நாடா கட்டினா என்ன அர்த்தம்?"

மறுமுனையில் ஒரு பெண் பேசினாள்.

"மஞ்சள் பை தீந்து போச்சுங்க. அதுக்குப் பதிலாத்தான் நாடா. கொரோனா வார்டு துணி அது. பிரிக்காதீங்க. உங்க மேலாளர்கிட்ட அப்பவே சொல்லியாச்சே... அவர் சரின்னாரே?"

லிஸ்பெத் போனை வைத்தாள். எத்தனை பை பிரித்திருப்பாள்? எத்தனை விரிப்பை உதறியிருப்பாள்? உதறிய கையோடு வீட்டுக்குப் போய் ஐனர் மூக்குக் குழாயை எத்தனை முறை சரிசெய்திருப்பாள்?

ஃப்ளெமிங் அறைக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான். போகும்போது, "லாரி காத்திட்டு இருக்கு, சீக்கிரம் ஆகட்டும்," என்று மட்டும் வாசல் ஆளிடம் சொல்லிவிட்டுப் போனானாம். த்தூ! இவனெல்லாம் ஒரு மனுஷன்.

லிஸ்பெத் பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். ஆலை நின்றது. அவளுக்கு அந்த உரிமை உண்டு. அதுவரை ஒரு தடவைகூட அவள் அதைத் தொட்டதில்லை.

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஊர் எல்லையில் அவர்களுக்கு ஒரு சின்னத் தோட்டமும் மரக் குடிலும் உண்டு. கோடையில் மட்டும் போகிற இடம். அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐனருக்குப் போன் செய்தாள்.

"எங்கடி இருக்க?"

"தோட்டத்துல."

"மார்ச் மாசத்துல தோட்டத்துல என்னத்தப் புடுங்கப் போற?"

"கொஞ்ச நாள் வர மாட்டேன் ஐனர். தங்கச்சி வாசல்ல சாப்பாடு வெச்சிட்டுப் போவா. நீயும் யாரையும் உள்ள விடாத."

"என்ன ஆச்சு? எனக்கு இன்னிக்கு இனிப்புச் சுருள் வரணும்ல?"

"பிரெபென்தான் சொன்னான்... எதையும் கொண்டு போகாதேன்னு."

உஸ்ஸ்... டக். உஸ்ஸ்... டக். மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனைக் காதில் வைத்திருந்தாள்.

இரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. ஒரு பாடு பட்டுத்தான் எழுந்தாள். நெர்மினாவும் படுத்து எழுந்தாள். ஐனருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கு ஒழுகக்கூட இல்லை. அந்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைக் கேட்டதற்கு, அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் படுத்திருந்தபோதே நெர்மினாவிடமிருந்து போன் வந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

"லிஸ்பெத்... பிரெபென் செத்துட்டான்டி. இடுப்பு வலியெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமையே ஆஸ்பத்திரில சேத்துட்டாங்களாம். கொரோனா."

"எப்ப செத்தான்?"



"வியாழக்கிழமை. சாயங்காலம்."

வெள்ளிக்கிழமை பன். வியாழக்கிழமை சாவு.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்ல பிரெபென், நல்ல பேய் என்று நானும் விட்டிருப்பேன்.

லிஸ்பெத் குணமான பிறகு பிரெபெனின் அக்கா கெர்டா அவளைத் தேடி வந்தாள். கூனிக் குறுகிய பெண். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அவன் பல் செட்டு கிடைக்கலம்மா. ஆஸ்பத்திரில தேடிப் பாத்துட்டாங்க. பொக்கை வாயோடதான் பொதைச்சோம். நீங்க துணியில கிடைக்கறதையெல்லாம் எடுத்து வெப்பீங்கன்னு அவன் சொல்லுவான்..."

லிஸ்பெத்துக்கு அந்தப் பை நினைவுக்கு வந்தது. இன்னும் சூடு ஆறாத விரிப்பு. கயிறாக ஒட்டிய கோழை. அவள் கையைவிட்டுக் கிளறியது யாருடைய சாவுப் படுக்கை என்று அப்போதுதான் தெரிந்தது. எழுந்துபோய்க் கழுவுதொட்டியில் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு பேரும் ஆலைக்குப் போனார்கள். அன்று சனிக்கிழமை, ஆலைக்கு விடுமுறை. விசாரணை வரப்போகிறது என்று காகிதங்களைச் சரிசெய்துகொண்டு ஃப்ளெமிங் மட்டும் அறையில் உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் கரிசனமாக எழுந்தான். கெர்டாவிடம் அனுதாபம் சொன்னான். பிரெபென் தனக்கு அண்ணன் மாதிரி என்றான்.

லிஸ்பெத் அழுக்குப் பக்கம் போய் நீல டின்னை எடுத்து வந்து அவன் மேசைமேல் வைத்தாள். மூடி அவள் அன்று அழுத்தியபடியே இறுகியிருந்தது. மேலே தூசி. யாரும் தொடவில்லை. சாவியை விட்டு நெம்பித் திறந்தாள்.

மேலாகவே இருந்தது. இடது பக்கம் வெள்ளிக் கொக்கி.

"இதுதான்... அவனோடதுதான்," என்றாள் கெர்டா. கையில் எடுத்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இதென்ன... கசகசா?"

லிஸ்பெத் குழாயில் காட்டிக் கழுவித்தான் அதை டின்னில் போட்டாள். சத்தியம் பண்ணுவாள். இப்போது பல்லுக்குப் பல் இடுக்கில் கசகசா. கறுப்பு கறுப்பாக. அதோடு வெண்ணெய். காயவில்லை. மசமசவென்று, இப்போதுதான் கடித்த மாதிரி.

ஃப்ளெமிங் குப்பைக் கூடையைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் அன்று கதவருகே இருந்த முகம்.

"நான் பாத்தேன்," என்றான். "அன்னிக்கு. உக்காந்திருந்தான்."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது லிஸ்பெத்." அவன் பல் அடித்துக்கொண்டது. "அன்னிக்குக் காலைல கெர்டா எனக்குப் போன் பண்ணிட்டாங்க. தம்பி நேத்து இறந்துட்டான்னு. அந்தப் போனை வெச்சிட்டு நேரா உங்ககிட்டதான் வந்தேன். கதவைத் திறந்தா... உங்களோட உக்காந்திருக்கான்."

கெர்டா மெல்லத் தலையை ஆட்டினாள். ஆமாம், போன் செய்தேன் என்று.

லிஸ்பெத் அவனையே பார்த்தாள்.

"அவன் செத்துட்டான்னு உனக்குத் தெரியும். எதால செத்தான்னும் தெரியும். செத்தவன் எங்களோட உக்காந்திருக்கறதை உன் கண்ணால பாத்த. அப்பவும் சொல்லல. கதவைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிட்ட."

ஃப்ளெமிங் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"மூணு லாரி துணி நின்னுட்டிருந்துச்சு லிஸ்பெத். சொல்லியிருந்தா நீங்க எல்லாரும் கிளம்பிப் போயிருப்பீங்க."

பெல்ட் ஓடவில்லை. மிஷின் ஓடவில்லை. ஆலையில் வேறு ஆளே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், அழுக்குப் பக்கத்தில், இரும்பு விளிம்பில்...

டொக், டொக்.

கெர்டா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். ஃப்ளெமிங் காதைப் பொத்திக்கொண்டான்.

லிஸ்பெத் சுவரைப் பார்க்கவில்லை. ஃப்ளெமிங்கைத்தான் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை.

"பாத்துட்டேன் பிரெபென்," என்றாள்.